கியோஜாவின் சிங்கம்

விகோ சதுக்கத்தில் காயலைப் பார்த்தபடி ஒரு கல்தூண் நிற்கிறது. அதன் உச்சியில், வெனிஸ் குடியரசின் சின்னமான சிறகு வைத்த சிங்கம். தூணின் உயரத்துக்கு அந்தச் சிங்கம் ரொம்பச் சிறியது. வெனிஸ்காரர்கள் அதைச் சிங்கம் என்று சொல்வதில்லை. ‘கியோஜாவின் பூனை’ என்பார்கள். தலைமுறை தலைமுறையாகத் தொடரும் கேலி இது. செல்வம் கொழித்த தலைநகரம், பக்கத்து மீனவர் ஊரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. ஆனால் அந்தத் தலைநகரம் ஒருமுறை சாகக் கிடந்து பிழைத்தது, இந்தச் சதுக்கத்தைச் சுற்றிக் கிடக்கும் தண்ணீரில்தான். பிழைத்ததற்கு விலை கொடுத்ததும் கியோஜாதான்.

இத்தாலிக்குப் போகும் நம்மவர்கள் ரோம், ஃபுளோரன்ஸ், பீசா, வெனிஸ் என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வெனிஸுக்கு ஒதுக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு பகல். அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அதே காயலின் தென்கோடியில் கியோஜா இருக்கிறது. நேர்க்கோட்டில் சுமார் 25 கிலோமீட்டர், சாலை வழியாகச் சுற்றிப் போனால் அதைப்போல இரண்டு பங்கு. அங்கே ஓர் இரவு தங்குங்கள். கால்வாய்கள், வளைந்த கல்பாலங்கள், தண்ணீருக்குள் காலை விட்டு நிற்கும் செங்கல் வீடுகள் எல்லாம் உண்டு. வரிசை வரிசையாகப் பளிங்கு மாளிகைகள் கிடையாது. ஆனால் வெனிஸில் இன்று தேடினாலும் கிடைக்காத ஒன்று கியோஜாவில் தெருவுக்குத் தெரு கிடைக்கும். அது அந்த ஊர் மக்கள்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1951-இல் வெனிஸின் பழைய தீவு நகரில் 1,70,000-க்கும் அதிகமானோர் குடியிருந்தார்கள். இப்போது 50,000-க்கும் குறைவு. கூட்டத்தைச் சமாளிக்க, 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் பகல் பயணிகளிடம் அங்கே நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். கியோஜா நகராட்சி எல்லைக்குள்ளும் ஏறக்குறைய அதே அளவு மக்கள்தொகைதான். ஆனால் இங்கே மாலை ஆறு மணிக்குப் பெரிய தெருவில் நடந்தால் எதிரே வருபவர்கள் உள்ளூர்க்காரர்கள். பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு போகும் பாட்டி, சைக்கிளின் முன்கூடையில் காய்கறியோடு போகும் தாத்தா, மதுக்கடை வாசலில் சத்தமாகப் பேசி நிற்கும் படகுக்காரர்கள்.

தண்ணீர் வழியே போங்கள்

வெனிஸின் பியாஸாலே ரோமாவிலிருந்து கியோஜாவுக்கு நேரே பேருந்து உண்டு. சுமார் ஒரு மணி நேரப் பயணம். அவசரம் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது வேறு வழி. முதலில் படகில் லீடோ தீவுக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து 11-ஆம் எண் பேருந்து, தீவின் தென்முனையில் அப்படியே ஒரு பெரிய படகில் ஏறிக்கொள்ளும். முகத்துவாரத்தைக் கடந்து பெல்லெஸ்த்ரீனாவில் இறங்கி, மீண்டும் சாலையில் ஓடும். பெல்லெஸ்த்ரீனா சுமார் 11 கிலோமீட்டர் நீளமுள்ள மெல்லிய நிலத்துண்டு. ஒரு பக்கம் அலையடிக்கும் ஆத்ரியாட்டிக் கடல், மறுபக்கம் அசையாத காயல். சில இடங்களில் இரண்டுக்கும் நடுவே ஒரு சாலையும் சில வீடுகளும் மட்டுமே.

அந்த நிலத்துண்டை இன்றுவரை கடல் தின்னாமல் இருப்பதற்குக் காரணம், கடல் பக்கம் நீளமாகப் போகும் கற்சுவர். ‘முராட்ஸி’ என்பார்கள். வெனிஸ் குடியரசு 1744-இல் கட்டத் தொடங்கி 1782-இல் முடித்தது. இஸ்த்ரியாவிலிருந்து கப்பலில் வந்த வெள்ளைக்கல், எரிமலைச் சாம்பல் கலந்த சாந்து. சுவர் முடிந்த பதினைந்தாவது ஆண்டில், 1797-இல், நெப்போலியனின் படை முன் அந்தக் குடியரசே இல்லாமல் போனது. கட்டியவர்கள் போய்விட்டார்கள், சுவர் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. 1966 நவம்பர் 4-ஆம் தேதிப் பெருவெள்ளத்தில் அது பல இடங்களில் உடைந்தபோதுதான், அதன் அருமை எல்லோருக்கும் உறைத்தது.

பேருந்துச் சாலை முடியும் இடத்தில் சிறு பயணிகள் படகு காத்திருக்கும். அதில் ஏறினால் மட்டி வளர்ப்புக்கு நட்ட கம்புகளையும் வலை காயும் மேடைகளையும் தாண்டி, விகோ சதுக்கத்தின் படித்துறையில் இறக்கிவிடும். அந்த ஊருக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை.

கியோஜாவை வரைபடத்தில் பார்த்தால் தட்டில் மிச்சம் வைத்த மீன்முள் போல இருக்கும். நடு முள் ‘கோர்ஸோ தெல் போப்போலோ’ என்ற அகன்ற தெரு. தெற்கே 1520-இல் கட்டிய ஊர் வாயிலில் தொடங்கி வடக்கே விகோ சதுக்கம் வரை நேராக ஓடுகிறது. இரு பக்கமும் பக்கமுள்களைப் போலக் குறுகலான சந்துகள், ஒன்றுக்கொன்று இணையாக. ஒவ்வொரு சந்தின் முடிவிலும் தண்ணீர். மேற்கே லொம்பார்தோ கால்வாய், கிழக்கே வேனா கால்வாய், அதற்கும் அப்பால் சான் தொமேனிக்கோ கால்வாய். இவ்வளவு ஒழுங்கான ஊரில் வழி தவறுவதற்கு வாய்ப்பே இல்லை. கால் போன போக்கில் நடக்கலாம்.

மூன்றில் வேனாவுக்குத்தான் என் ஓட்டு. குறுகலானது, பாலம் பாலமாகத் தாண்டலாம். கரையோரம் கட்டிய படகுகளில் பாதி, நிஜமாகவே வேலைக்குப் போகிறவை. சந்துகளுக்குள் எதிரெதிர் வீட்டுச் சன்னல்களுக்கு இடையே கயிறு கட்டித் துணி காயப் போட்டிருப்பார்கள். கால்வாயின் வடமுனையில் 1685-இல் கட்டிய விகோ பாலம், வெள்ளைக்கல் கைப்பிடிகளோடு. அதன் உச்சியில் நின்றால் ஒரு பக்கம் ஊரும் மறுபக்கம் காயலும் முழுசாகத் தெரியும்.

மீன் சந்தையின் காலை

வேனா கரையில் ஊரின் மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று இருக்கிறது. 1322-இல் கட்டிய தானியக் களஞ்சியம். முற்றுகை வந்தால் ஊர் பட்டினி கிடக்கக் கூடாது என்று கட்டினார்கள். முகப்பில் யாக்கோப்போ சான்சொவீனோ செதுக்கிய மாதா சிலை. வெனிஸின் பெரும் கட்டடக் கலைஞர் அவர். அந்தக் களஞ்சியத்தின் முதுகுப் பக்கம்தான் சில்லறை மீன் சந்தை. கால்வாயை ஒட்டிச் சிவப்புத் துணிப் பந்தல் போட்டிருக்கும். அந்தப் பந்தலின் நிறம் மீன் மேலும் ஆட்கள் மேலும் விழுந்து, எல்லாமே செம்மையாகத் தெரியும்.

பனிக்கட்டி மேல் மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி, நாக்குமீன். மை ஒழுகும் கணவாய், உயிரோடு நெளியும் விலாங்கு, வலைப்பையில் மட்டி, ஊர்ந்து கூடையை விட்டு வெளியேறப் பார்க்கும் நண்டு. பலகையில் விலையோடு எந்தக் கடலில் பிடித்தது, எந்த முறையில் பிடித்தது என்றும் எழுதி வைத்திருப்பார்கள். விற்பவர்களை உள்ளூரில் ‘மோஞ்ஞொலி’ என்பார்கள். பெரும்பாலும் குடும்பத் தொழில். வாங்க வருபவர்கள் செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணைப் பார்த்து, பேரம் பேசி வாங்குகிறார்கள். மீன் வாங்கத் தெரிந்தவர்களிடம் விற்கும் சந்தைக்கு ஒரு தனி மரியாதை உண்டு. பொய் சொல்ல முடியாது அங்கே.

சில்லறைச் சந்தைக்கு மீன் வரும் இடம் தனியாக இருக்கும் மொத்தச் சந்தை. இத்தாலியின் மிகப் பெரிய மீன்பிடிப் படகுக் கூட்டங்களில் ஒன்று கியோஜாவுடையது. மொத்தச் சந்தையின் பாரம்பரிய ஏலம் நாம் அறிந்த ஏலத்துக்கு நேர்மாறு. கூவல் கிடையாது. வாங்க வருபவர் ஏலம் விடுபவரின் காதோடு காதாகத் தன் விலையை முணுமுணுப்பார். அடுத்தவருக்கு அது கேட்காது. எல்லோருடைய விலையையும் மனதில் வாங்கிக்கொண்டு, ஏலம் விடுபவர் மீனை யாருக்கு என்று முடிவு செய்வார். அவர்மேல் எல்லோருக்கும் நம்பிக்கை இருந்தால் மட்டுமே நடக்கக்கூடிய வியாபாரம் இது.

சந்தையைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் போவது பாவம். ‘சார்தே இன் ஸாவோர்’ கேளுங்கள். மத்தியைப் பொரித்து, நிறைய வெங்காயத்தை எண்ணெயில் நிதானமாக வதக்கி, காடி ஊற்றி, இரண்டையும் அடுக்கடுக்காகப் போட்டு ஊறவிடுவது. கடலில் பல நாள் கிடக்க வேண்டிய மீனவர்கள் கெடாமல் வைத்துச் சாப்பிடக் கண்டுபிடித்த வழி. அதனால் அன்றைக்கே சாப்பிட்டால் ருசி பிடிபடாது, ஊற வேண்டும். கூடவே ‘பொஸ்ஸொலா’ என்ற வளைய ரொட்டி. கரகரவென்று காய்ந்திருக்கும். அதுவும் படகில் பல நாள் தாங்குவதற்காகச் சுட்டதுதான். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் போனால் ‘மொயேக்கே’ கிடைக்கும். காயல் நண்டு பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புது ஓடு இறுகுவதற்கு முன் இருக்கும் சில மணி நேரத்தில் பிடித்து, முழுசாகப் பொரிப்பது. எந்த நண்டு எப்போது ஓடு கழற்றும் என்று பார்த்தே சொல்லக்கூடிய கைதேர்ந்தவர்கள் சிலரே இருக்கிறார்கள். நாள் தவறாமல் நண்டுகளைத் தரம் பிரிப்பதுதான் அவர்கள் தொழில்.

1379: வெனிஸ் சாகக் கிடந்த குளிர்காலம்

கியோஜா முன்பு மீனால் மட்டும் வாழ்ந்த ஊர் அல்ல. உப்பால் செழித்த ஊர். சுற்றிலும் உப்பளங்கள். இடைக்கால வட இத்தாலி முழுக்கப் போன உப்பில் பெரும்பங்கு இங்கிருந்து போனது. அந்த வியாபாரத்தைக் கைக்குள் வைத்திருந்தது வெனிஸ். அந்தச் செழிப்புக்கு முடிவு வந்தது ஒரு போரால். வரலாற்றில் அதற்குப் பெயரே ‘கியோஜா போர்’.

வெனிஸுக்கும் ஜெனோவாவுக்கும் கடல் வணிகத்தில் நூறாண்டுக்கும் மேலான பகை. 1379 மே மாதம் இஸ்த்ரியாவின் போலா துறைமுகத்துக்கு அருகே வெனிஸின் கப்பற்படை நொறுங்கியது. தோற்ற தளபதி வித்தோர் பிசானியை வெனிஸ் அரசு சிறையில் தள்ளியது. ஜெனோவாக்காரர்கள் காயலின் வாசலுக்கே வந்தார்கள். நிலத்தின் பக்கமிருந்து பாதுவாவின் கர்ராரா பிரபு கைகொடுத்தார். ஆகஸ்ட் 16 அன்று கியோஜா விழுந்தது.

வெனிஸ் சமாதானம் கேட்டது, ஜெனோவா மறுத்தது. வெனிஸின் சாதாரண மக்கள் ஒரே குரலில் கேட்டது பிசானியை. மேட்டுக்குடி ஆட்சியாளர்கள் வேறு வழியில்லாமல் சிறைக்கதவைத் திறந்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய தலைவர் அந்திரேயா கொன்தாரீனி தாமே கப்பலேறினார். டிசம்பரில், ஆண்டின் மிக நீண்ட இரவுகளில் ஒன்றில், கல் நிரப்பிய பழைய மரக்கலங்களை இழுத்துக்கொண்டு போய், கியோஜாவைச் சுற்றிய முகத்துவாரங்களில் மூழ்கடித்தார்கள். காலையில் ஜெனோவாக்காரர்களுக்கு நிலைமை தலைகீழாகிவிட்டது. முற்றுகையிட்டவர்கள் முற்றுகைக்குள் இருந்தார்கள்.

ஆனால் முற்றுகையிட்ட வெனிஸ்காரர்களும் குளிரிலும் பசியிலும் வாடினார்கள். கிழக்கு மத்தியதரைக் கடலில் எங்கோ சுற்றிக்கொண்டிருந்த கார்லோ ஸேனோவின் படை வந்தால்தான் உண்டு. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. 1380 ஜனவரி முதல் தேதி அது வந்தே விட்டது. அந்த மாதமே ஜெனோவாவின் தளபதி பியேத்ரோ தோரியா பீரங்கியடியில் செத்தார். கப்பற்போரில் பீரங்கியை இவ்வளவு தீவிரமாகப் பயன்படுத்திய முதல் சண்டைகளில் இது ஒன்று. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் பசியோடு ஜூன் வரை தாக்குப்பிடித்து, சரணடைந்தார்கள். அடுத்த ஆண்டு தூரினில் ஒப்பந்தம். அதன்பின் ஜெனோவா வெனிஸுக்குச் சமமான எதிரியாக ஒருபோதும் எழவில்லை.

வெனிஸுக்கு அது மறுபிறப்பு. கியோஜாவுக்கு? ஊர் இடிந்து கிடந்தது. எதிரே இருந்த சோத்தோமரீனா தரைமட்டம். அங்கிருந்து தப்பியவர்கள் கியோஜாவுக்குள் வந்து குடியேறினார்கள். போர் முடிந்த பத்தாண்டு கழித்து எழுப்பிய சான் மார்தீனோ என்ற செங்கல் கோயில் அவர்களின் நினைவாக நிற்கிறது. உப்பளங்கள் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. கியோஜா அதற்குப் பிறகுதான் முழுமையாகக் கடலை நம்பிய மீனவர் ஊராக மாறியது. தன் நிலத்தைப் போர்க்களமாகக் கொடுத்து, செல்வத்தையும் இழந்த ஊரின் சிங்கத்தைத்தான் பூனை என்று சொல்லிச் சிரித்தார்கள்.

ஜூன் மாதத்தில் ‘பாலியோ தெல்லா மார்சிலியானா’ என்ற திருவிழாவில் ஊரே அந்தக் காலத்து உடை அணிந்து போர் நாட்களை நடித்துக் காட்டுகிறது. வட்டாரத்துக்கு வட்டாரம் வில்போட்டி.

சண்டைக்காரர்களின் நாடகம்

இந்த ஊரை ஐரோப்பா முழுக்கத் தெரியவைத்தவர் நாடக ஆசிரியர் கார்லோ கோல்தோனி. பதினான்கு வயதில் ரீமினியில் படித்துக்கொண்டிருந்தவர், படிப்பு கசந்துபோய் ஒரு நாடகக் கோஷ்டியின் படகில் ஏறி ஓடி வந்தது கியோஜாவுக்குத்தான். அப்போது அவருடைய அம்மா அங்கே இருந்தார். பிறகு இருபதுகளின் தொடக்கத்தில் அதே ஊரின் குற்றவியல் நீதிமன்ற அலுவலகத்தில் உதவியாளராக வேலை. தெருச்சண்டை வழக்குகளில் வாக்குமூலம் எழுதுவது அந்த வேலையின் பகுதி. மீனவப் பெண்கள் எப்படிப் பேசுவார்கள், எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் பதிலாக வரும், கோபம் எந்த இடத்தில் சிரிப்பாக மாறும் என்பதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்.

அது 1762-இல் ‘லே பாருஃபே கியோட்ஸோத்தே’ என்ற நாடகமாக வெளிவந்தது. கியோஜாக்காரர்களின் சண்டைகள் என்று பொருள். ஆண்கள் கடலுக்குப் போயிருக்கிறார்கள். பெண்கள் தெருவில் நாற்காலி போட்டு லேஸ் பின்னுகிறார்கள். ஒரு படகுக்காரன் வந்து ஒரு பெண்ணுக்குச் சுட்ட பூசணித்துண்டு வாங்கிக் கொடுக்கிறான். அவ்வளவுதான்! பொறாமை, வாய்ச்சண்டை, கல்லெறி, கத்தி, வழக்கு. கடைசியில் கல்யாணங்கள். அரசர்களும் பிரபுக்களும் இல்லாத நாடகம். மீனவர்களின் பேச்சே அதன் மொழி. உழைக்கும் மக்களைக் கோமாளிகளாக்காமல், அவர்களுக்கே உரிய கோபத்தோடும் பாசத்தோடும் மேடையேற்றினார் என்பதற்காகவே கோல்தோனியை நான் மதிக்கிறேன். 1786 அக்டோபரில் வெனிஸில் இந்த நாடகத்தைப் பார்த்த ஜெர்மானியக் கவிஞர் கதே, தங்களையே மேடையில் கண்ட பார்வையாளர்களின் ஆனந்தத்தைத் தம் பயணக் குறிப்பில் வியந்து எழுதியிருக்கிறார்.

கோல்தோனி மேடையேற்றிய அந்த உறவுக்கூட்டம் இன்றும் கலையவில்லை என்பதற்கு ஊரின் பெயர்ப்பலகைகளே சாட்சி. பொஸ்கோலோ, தியோட்ஸோ என்ற இரண்டு குடும்பப் பெயர்கள் கடைக்குக் கடை வரும். ஒரே பெயரில் இத்தனை பேர் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? குடும்பத்துக்குக் குடும்பம் பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்கள். அவை நாளடைவில் அரசுப் பதிவேட்டிலும் ஏறி, அடையாள ஆவணங்களில் முறையான பெயரின் பகுதியாகவே நிற்கின்றன.

கோயில்களையும் கோபுரங்களையும் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1623-இல் தீயில் அழிந்த பேராலயத்தை மீண்டும் எழுப்பியவர் பல்தஸ்ஸாரே லொங்கேனா. வெனிஸின் சாந்தா மரியா தெல்லா சலூத்தே ஆலயத்தைக் கட்டிய அதே கை. பேராலயத்தின் பக்கத்தில் கால்வாயோரம் சிலைகள் வைத்த கைப்பிடிச்சுவரும் நடுவே ஒரு மாதாவும். மரண தண்டனை பெற்றவர்கள் கடைசியாக மண்டியிட்ட இடம் என்பார்கள். ஓவியர் லூயிஜி நோனோ 1882-இல் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில் ஓர் இளம்பெண் மண்டியிட்டிருப்பது இங்கேதான். சான் தொமேனிக்கோ ஆலயத்துக்காக விட்டோரே கார்பாச்சோ தீட்டிய புனித பவுல் ஓவியத்தில் 1520 என்ற ஆண்டு இருக்கிறது. அந்த மகா ஓவியரின் கடைசிக் காலப் படைப்புகளில் ஒன்று. சாந்தந்திரேயா கோபுரத்தில் 14-ஆம் நூற்றாண்டுக் கடிகாரம். உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கோபுரக் கடிகாரங்களில் ஒன்று. அதோடு சேர்த்துப் பேசப்படும் ஜியோவான்னி தோந்தி இந்த ஊரில் பிறந்தவர். சூரியன், சந்திரன், அன்றைக்கு அறிந்த ஐந்து கோள்கள் எல்லாவற்றின் போக்கையும் பற்சக்கரங்களால் காட்டும் இயந்திரத்தைப் பதினாறு ஆண்டு உழைத்து 1364-இல் முடித்தார்.

மயிலாப்பூர் வரை வந்த கியோஜாக்காரர்

இந்த ஊரில் பிறந்தவர்களில் நமக்கு நெருக்கமானவர் வேறொருவர். நிக்கோலோ தெ கோன்ட்டி. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டமாஸ்கஸில் வியாபாரம் செய்து, அரபு மொழி கற்று, வணிகக் கூட்டத்தோடு பாலைவனம் கடந்து, ஹோர்முஸ் வழியாகக் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தார். விஜயநகரத்தைப் பார்த்தார். அங்கே ஒரு திருவிழாவில் கோயில்களிலும் கூரைகளிலும் இரவும் பகலும் எரிந்த எண்ணற்ற எண்ணெய் விளக்குகளைச் சொல்லியிருக்கிறார். பிறகு கடற்கரைக்கு இறங்கி மயிலாப்பூருக்கு வந்தார். புனித தோமாவின் கல்லறை உள்ள ஆலயத்தையும் அங்கே வாழ்ந்த கிறிஸ்தவர்களையும் குறிப்பிடுகிறார். முத்துக் குளிக்கும் காயல் என்ற துறைமுகத்தையும், காகிதத்துக்குப் பதிலாகப் பனையினத்து மரத்தின் ஓலையில் எழுதும் வழக்கத்தையும், இலங்கையின் இலவங்கப் பட்டையையும் சொல்கிறார். அங்கிருந்து சுமத்ரா, பர்மா, ஜாவா வரை போனார்.

ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்துத்தான் ஊர் திரும்பினார். வழியில் செங்கடல் பகுதியில் குடும்பத்தின் உயிரைக் காப்பாற்ற இஸ்லாத்தைத் தழுவ நேர்ந்தது. அப்படிக் காப்பாற்றிய மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் எகிப்தில் கொள்ளைநோய் கொண்டுபோனது. மதம் மாறியதற்கு மன்னிப்புக் கேட்டு நான்காம் யூஜின் போப்பிடம் போய் நின்றார். கண்டதை எல்லாம் போப்பின் செயலாளர் போஜ்ஜோ பிராச்சோலீனியிடம் அவர் சொல்ல, போஜ்ஜோ அதை லத்தீனில் எழுதி வைத்தார். அடுத்த பத்தாண்டுகளில் ஃப்ரா மவுரோ வெனிஸில் வரைந்த மாபெரும் உலகப் படத்தில் இந்தியாவும் கிழக்கும் அவ்வளவு விவரமாக வந்ததற்கு இந்தக் கியோஜாக்காரரின் வாய்மொழியும் ஒரு காரணம். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்குவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன் நடந்த கதை இது. சென்னையிலிருந்து கியோஜாவுக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

காயலின் இன்றைய பாடு

கியோஜாவிலிருந்து பாலம் தாண்டினால் சோத்தோமரீனா. ஒரு காலத்தில் போரில் அழிந்த இடம், இன்று நீண்ட மணல் கடற்கரையும் கோடைக் கூட்டமும். கடற்கரையைவிட எனக்கு ஆர்வம் அதன் பின்னால் உள்ள தோட்டங்கள். கடலோர மணலில் விளையும் சிவப்புக் கசப்புக்கீரை ‘ரதிக்கியோ’ உருண்டையாக, வெண்ணரம்போடு இருக்கும். கியோஜா ரதிக்கியோவுக்கு 2008-இல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறுக்கே வெட்டினால் வெள்ளையும் ரோஜாநிறமும் வளையம் வளையமாகத் தெரியும் பீட்ரூட், கொப்புளம் வெடித்த தோலோடு மரீனா பூசணி. கோல்தோனியின் நாடகத்தில் சண்டை மூட்டிய பூசணி இதன் இனம்தான்.

மீனவர்களின் நிலைமை சுலபமாக இல்லை. 1983-இல் இந்தக் காயலில் கொண்டுவந்து விட்ட பிலிப்பைன் மட்டி ஒரு தலைமுறைக்குச் சோறு போட்டது. 2023-இல் அதற்கு எமன் வந்தான். அட்லாண்டிக்கின் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த நீலநண்டு, சூடேறிய கடலில் திடீரென்று பெருகி, மட்டிக் குஞ்சுகளை ஓட்டோடு நொறுக்கித் தின்றது. போ ஆற்று முகத்துவாரம் முழுக்க மட்டிப் பண்ணைகள் அழிந்தன. இத்தாலி அரசு அந்த ஆகஸ்டில் 29 லட்சம் யூரோ ஒதுக்கியது. நண்டைப் பிடித்துச் சாப்பிடுங்கள் என்று பிரசாரமும் நடந்தது. மட்டி வளர்த்தவர்கள் இழந்ததை அது ஈடுகட்டவில்லை. கடல் சூடேறுவதற்கான விலையை முதலில் கொடுப்பவர்கள் அதைச் சூடாக்கியவர்கள் அல்ல. இந்தக் கணக்கு என்னை வதைக்கிறது.

வெள்ளத்தைத் தடுக்க ‘மோஸே’ என்ற எழும் கதவுகளைக் காயலின் மூன்று முகத்துவாரங்களிலும் பதித்திருக்கிறார்கள். மொத்தம் 78 கதவுகள். கியோஜா முகத்துவாரத்தில் மட்டும் 18. 2020 அக்டோபர் 3 அன்று முதன்முறையாக நிஜ வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தின. கதவு எழும்பினால் மீன்பிடிப் படகுகள் கடலில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று கியோஜாவில் தனியாக ஒரு பூட்டுத்துறை கட்ட வேண்டியிருந்தது. வேனா கால்வாயின் இரு முனைகளிலும் அதற்கு முன்பே, 2012-இல், சிறு கதவுகள் வந்துவிட்டன. வெனிஸைக் காக்கும் அரணின் தென்வாசல் மீண்டும் கியோஜாதான்.

ஊரின் இன்றைய முகத்தைப் பயணத்துக்கு முன் பார்க்க விரும்பினால் ஆந்திரேயா சேக்ரே 2011-இல் எடுத்த ‘இயோ சோனோ லீ’ படத்தைத் தேடிப் பாருங்கள். கியோஜாவின் மதுக்கடையில் வேலைக்கு வரும் சீனப் பெண்ணுக்கும், யுகோஸ்லாவியாவிலிருந்து வந்து அங்கேயே கிழவராகிவிட்ட மீனவருக்கும் இடையிலான நட்பு. பனிமூட்டமும் தரையில் ஏறும் தண்ணீரும் மீனவர்களின் வாய்த்துடுக்கும் அப்படியே இருக்கும். அந்நியரை அணைத்துக்கொள்ளவும் ஒதுக்கித் தள்ளவும் ஒரே ஊரால் முடியும் என்பதையும் அந்தப் படம் மறைக்கவில்லை.

போகிற காலம் பற்றி: ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர் நல்லது. ஜூலையில் மீன் திருவிழா, கோர்ஸோ முழுக்க மேசை போட்டுப் பொரிப்பார்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் தவிர்க்கலாம். கோடையின் பிற்பகுதியில் சில வாரங்கள் இழுவலைப் படகுகளுக்குத் தடைக்காலம்; அப்போது படகுகள் கரையில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், சந்தையில் வகை குறையும். முதல்நாள் மாலையே போய்த் தங்கிவிட்டால் காலை ஏழு, எட்டு மணிக்குச் சந்தைக்குப் போகலாம். மதியத்துக்குள் கழுவி மூடிவிடுவார்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். அன்று சந்தைக்கு விடுமுறை.